மணலை மறுத்த உபாத்தியாயர்

1789-ல் எழும்பூரில் ஆண் அநாதைகளுக்கென்று ஒரு விடுதி ஏற்பட்டது. கம்பெனிப் பட்டாளத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு இந்த ஊர்ப் பெண்களிடம் பிறந்த பிள்ளைகளே அங்கு பெரும்பாலும். விடுதியின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்கிற பாதிரி. ஸ்காட்லாந்தில் ஸென்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் ஒரு நாவிதரின் மகனாகப் பிறந்து, வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி, 1787-ல் சென்னையில் வந்து இறங்கியவர். விடுதி வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்றார். ஒரே சமயத்தில் பல பட்டாளங்களுக்குப் பாதிரியாக நியமனம் வாங்கி அவற்றின் சம்பளம் வந்துகொண்டிருந்ததால் இந்தப் பெருந்தன்மை அவருக்குச் சிரமம் தரவில்லை. பெல்லைப் பற்றி எழுதுகிறவர்கள் முதல் செய்தியைச் சொல்லி இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ஒரு நாள் காலை குதிரைச் சவாரி போனவர் வழியில் ஒரு மலபார்ப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். மலபார் என்றால் இங்கே மலையாள தேசம் இல்லை. அன்றைய வெள்ளைக்காரர்கள் தமிழரையும் தமிழையும் அப்படித்தான் எழுதினார்கள். ஆக, அவர் பார்த்தது நம்முடைய திண்ணைப் பள்ளிக்கூடம். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுதுவது, கையால் துழாவி அழிப்பது, மறுபடி எழுதுவது. காகிதம் இல்லை, பேனா இல்லை, மை இல்லை, செலவே இல்லை. பெல் துள்ளிக் குதித்துத் திரும்பினார். விடுதியின் கடைசி வகுப்பு உபாத்தியாயரைக் கூப்பிட்டு, ஒரு பலகையில் மணலைப் பரப்பி இனிமேல் அரிச்சுவடியை இப்படிக் கற்றுக்கொடு என்றார்.

உபாத்தியாயர் முடியாது என்றார்.

திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார் பெல். முடியவே முடியாது, இப்படியெல்லாம் பிள்ளைகளுக்கு எழுத்து வராது என்றே பதில் வந்தது. பெல்லும் பிடிவாதக்காரர். ஜான் ஃபிரிஸ்கென் என்று ஒரு சிப்பாயின் பிள்ளை, ஏறத்தாழ 8 வயது. அவனைக் கூப்பிட்டு வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். உபாத்தியாயரால் முடியாதது பையனால் முடிந்தது. கடைசி வகுப்பு எழுத்துகளைக் கற்றுக்கொண்டது. கொஞ்ச நாளில் மற்ற வகுப்புகளிலும் பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குப் பாடம் சொன்னார்கள். 1797-ல் பெல் லண்டனில் இதை ஒரு சிறு புத்தகமாக அச்சடித்தபோது இதற்கு 'மெட்ராஸ் முறை' என்கிற பெயர் நிலைத்தது. ஸென்ட் ஆண்ட்ரூஸில் அவர் பணத்தில் எழுந்த பள்ளிக்கு மெட்ராஸ் காலேஜ் என்று பெயர். அங்கே படிக்கிற ஸ்காட்லாந்துப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு எழும்பூர் என்கிற பெயர் தெரிந்திருக்குமோ!

வகுப்பறைக்குள் ஒரு புதிய சாதனம் வந்து, அதை ஆசிரியர் தொட மறுத்து, மேலே இருப்பவர் அவரை மூடர் என்று முடிவு கட்டுவது இன்றைக்கும் நடக்கிறது. அந்த நாடகத்தின் ஆரம்ப அரங்கேற்றங்களில் ஒன்று நம் ஊரில் நடந்திருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்ல வரவில்லை. இந்தக் கதையில் நமக்குக் கிடைப்பது பெல்லின் தரப்பு மட்டுமே. அவர் சொல்கிறபடி உபாத்தியாயர் மந்தபுத்திக்காரர் அல்லது முரட்டுப் பிடிவாதக்காரர். மேலதிகாரிகளின் அறிக்கைகளில் உபாத்தியாயர்கள் பொதுவாக இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் கதையின் முடிவைப் பாருங்கள். மணலை ஏற்றிருந்தால் அந்த உபாத்தியாயர் என்னவாகியிருப்பார்? மணலும் விரலும் போதும், 8 வயதுப் பையன் போதும் என்று நிரூபணமான பிறகு அவருக்கு அங்கே என்ன வேலை? அவர் மணலைப் பற்றிச் சொன்னது தவறு, அதில் சந்தேகமில்லை. தன்னைப் பற்றி அவருக்குள் ஏதாவது ஒரு பயம் இருந்திருக்குமானால், அந்தப் பயம் தவறவில்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது என்பது இதை உறுதிப்படுத்துகிறது. ஜோஸஃப் லங்காஸ்டர் என்கிற குவேக்கர் லண்டன் ஸதர்க்கில் 1798-ல் ஒரு பள்ளி தொடங்கி, மணல் பலகையும் சிலேட்டும் சட்டாம்பிள்ளைகளும் வைத்துக்கொண்டு ஒரே ஆசிரியர் ஆயிரம் பையன்களுக்குப் பாடம் நடத்தலாம் என்றார். கண்டுபிடித்தது யார் என்று இருவருக்கும், இருவர் பின்னாலும் இருந்த சபைகளுக்கும் பெரிய சண்டை. திருச்சபைக்காரர்கள் 1811-ல் நேஷனல் ஸொஸைட்டியை அமைத்து பெல்லின் முறையை ஆயிரக்கணக்கான பள்ளிகளில் பரப்பினார்கள். எங்களுக்கு பி.ஏ. வகுப்பில் கோல்ரிட்ஜை நடத்தியவர் கற்பனைக்கும் வெறும் புனைவுக்கும் வித்தியாசம் சொல்லி இரண்டு வாரம் போக்கினார். அதே கோல்ரிட்ஜ் பெல்லின் முறையை நீராவி யந்திரத்தோடு ஒப்பிட்டுப் புகழ்ந்தார் என்பதைச் சொல்லவில்லை. ஸதே பெல்லின் வாழ்க்கை வரலாற்றை எழுத உட்கார்ந்தார். வேர்ட்ஸ்வொர்த்தும் பெல்லின் ரஸிகர். இயற்கையின் மடியில் குழந்தை தானே கற்கும் என்று பாடியவர்கள் ஏழைப் பிள்ளைகளுக்கு நீராவி யந்திரத்தைச் சிபாரிசு செய்ததில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தென்படவில்லை.

நீராவி யந்திரம் என்ற ஒப்புமை பொருத்தமானதுதான். ஆலையில் யந்திரம் கைத்தறிக்காரனை என்ன செய்ததோ அதையே பள்ளியில் இந்த முறை உபாத்தியாயரைச் செய்யும் என்பதே அதன் கவர்ச்சி. தலைக்கு எவ்வளவு செலவு என்கிற கணக்கு. அரை நூற்றாண்டு தாங்கவில்லை. சட்டாம்பிள்ளை தான் கற்ற அளவை மட்டுமே கற்றுக்கொடுக்க முடிந்தது; அவனுக்கே தெரியாததை ஒரு பிள்ளை கேட்டால் அடிதான் பதில். 1846 முதல் அரசாங்கம் ஊதியத்தோடு பயிற்சி ஆசிரியர்களை நியமிக்க ஆரம்பித்ததும் மெட்ராஸ் முறை மெல்ல மறைந்தது.

ஆனால் இங்கே திண்ணைப் பள்ளியில் மணல் மறையவில்லை. 1823-ல் பெல்லாரி கலெக்டர் காம்ப்பெல், தாமஸ் மன்றோ கேட்ட கல்விக் கணக்கெடுப்புக்கு எழுதிய பதிலில், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுகிற சிக்கனத்தையும் முன்னேறிய பிள்ளை பின்தங்கியவனுக்குச் சொல்லித்தருவதையும் மெச்சி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது நியாயம்தான் என்கிறார். இங்கே சட்டாம்பிள்ளை வாத்தியாருக்குக் கீழே இருந்தான், வாத்தியாருக்குப் பதிலாக இல்லை. மணல் வாத்தியாரின் காலடியில் இருந்தது. எப்போது மணலை விட்டு ஓலைக்குப் போவது, யாரை இன்னும் ஒரு மாதம் மணலிலேயே வைப்பது என்பது அவர் தீர்மானம். திண்ணைப் பள்ளியை நான் பொற்காலமாக்கவில்லை. யார் திண்ணையில் உட்கார முடிந்தது, யார் தெருவுக்குள்ளேயே வர முடியவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். பிரம்புக்கும் கோதண்டத்துக்கும் அங்கே பஞ்சமில்லை. நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். ஒரே மணல். ஒரு வாத்தியாருக்கு அது கைக்கருவி. சில மைல் தள்ளி இன்னொருவருக்கு அது வேலைநீக்க உத்தரவு.

வகுப்பறைச் சாதனங்களில் முழு வெற்றி பெற்றது கரும்பலகைதான். 1801 வாக்கில் அமெரிக்காவில் வெஸ்ட் பாயிண்ட் ராணுவப் பள்ளியில் ஜார்ஜ் பாரன் என்பவர் கணக்குச் சொல்லித்தரப் பயன்படுத்தினார். எடின்பரோவில் ஜேம்ஸ் பில்லன்ஸ் கலர் சாக்பீஸால் பூகோளப் படம் வரைந்து காட்டினார். அதற்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் வேடிக்கை, எதிர்த்தவர்கள் மாணவர்கள். 1830-ல் யேல் கல்லூரியில் ஜியோமிதிப் படத்தைப் புத்தகத்தைப் பார்த்து விளக்கினால் போதாது, கரும்பலகையில் தானே வரைந்து காட்ட வேண்டும் என்று விதித்தபோது பையன்கள் பரீட்சையை மறுத்துக் கலகம் செய்தார்கள். 96 பேர் கொண்ட வகுப்பில் 43 பேரைக் கல்லூரியை விட்டே அனுப்பினார்கள். புதிய சாதனம் யாருக்குப் பாரம் என்பதைப் பொறுத்துத்தான் யார் எதிர்ப்பது என்பதும்.

கரும்பலகை ஏன் நின்றது என்று யோசித்துப் பார்த்தால் அதற்கு ஆசிரியரை மாற்றும் உத்தேசமே கிடையாது. அவர் வந்து நிற்கிறவரை அது சும்மா இருக்கிறது. ஒரு விநாடியில் தயாராகிறது. கேள்வி வந்தால் பாதியில் நிறுத்தலாம், ஓரத்தில் வேறு ஒன்றைப் போடலாம், கையாலேயே அழிக்கலாம். முதுகைக் காட்டி எழுதும்போதே பின்பெஞ்சில் யார் பேசுகிறான் என்று காதால் கண்டுபிடிக்கலாம். முக்கியமாக, எழுத்து எழுதப்படும்போதே தெரிகிறது. கணக்கு முடிந்த கணக்காக வந்து நிற்காமல் கண்ணெதிரே போடப்படுகிறது, சில சமயம் தப்பாகப் போடப்பட்டுத் திருத்தப்படுகிறது. கெட்டுப்போனால் ஊமத்தை இலையும் அடுப்புக்கரியும் அரைத்துப் பூசினால் மறுநாள் புதுசு. பிள்ளைகளுக்கு அன்று கொண்டாட்டம் வேறு.

யந்திரங்களின் கதை இதிலிருந்து தலைகீழானது. 1913-ல் தாமஸ் எடிஸன் ஒரு பேட்டியில், பள்ளிகளில் புத்தகங்கள் சீக்கிரமே வழக்கொழிந்துவிடும், பத்தே வருஷத்தில் பள்ளி முறை முழுக்க மாறிவிடும், எல்லாவற்றையும் ஸினிமாவால் கற்பிக்கலாம் என்றார். அவரே ஸினிமா யந்திரம் விற்கிறவர் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 1922-லும் ஏறக்குறைய அதையே திரும்பச் சொன்னார். பத்து வருஷம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் பத்து வருஷம். அதற்கப்புறம் ரேடியோ: 1929-ல் ஓஹையோ, 1931-ல் விஸ்கான்ஸின் என்று வான்வழிப் பள்ளிகள். இதற்கிடையில் ஸிட்னி பிரெஸ்ஸியின் பொத்தான் பெட்டி, பிறகு மகளுடைய கணக்கு வகுப்பில் பெற்றோர் நாளில் போய் உட்கார்ந்து பொறுமை இழந்து பி.எஃப். ஸ்கின்னர் செய்த கற்பிக்கும் யந்திரம். ஸ்கின்னரின் எலிகளையும் புறாக்களையும் பற்றி நம் பத்திரிகைகளில் போதுமான அளவு எழுதியாகிவிட்டது.

லாரி கியூபன் என்கிற அமெரிக்கர் 1986-ல் 'டீச்சர்ஸ் அண்ட் மெஷின்ஸ்' என்று ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். பல வருஷங்கள் பள்ளிகளில் சரித்திரம் சொல்லித்தந்துவிட்டு, ஒரு மாவட்டத்தின் பள்ளி நிர்வாகியாக இருந்துவிட்டு, பிறகு ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியரானவர். அதனாலோ என்னவோ அவருக்கு ஆசிரியரை மூடராக்காமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடிந்திருக்கிறது. ஸினிமா, ரேடியோ, டெலிவிஷன் என ஒவ்வொன்றுக்கும் ஒரே சுற்று என்கிறார். முதலில் உற்சாகம், தீர்க்கதரிசனம். பிறகு பண்டிதர்களின் ஆராய்ச்சி. பிறகு யாரும் சரியாகப் பயன்படுத்தவில்லை என்கிற கண்டுபிடிப்பு. கடைசியில் ஆசிரியர் மேல் பழி. அதற்குள் அடுத்த யந்திரம் வந்துவிடும்.

அவர் அடுக்கும் காரணங்கள் மிகச் சாதாரணமானவை. அதுதான் அவற்றின் பலம். பழைய ஃபிலிம் எளிதில் தீப்பற்றக்கூடியது, தனி அறை வேண்டும். 1923-ல் கோடக்கின் 16 மில்லிமீட்டர் ஃபிலிம் வந்து அந்த அபாயம் தீர்ந்தது. ஆனால் பள்ளிக்கு ஒரே புரொஜக்டர். படத்துக்கு முன்கூட்டியே எழுதிப் போட வேண்டும். எரிமலைப் பாடம் நடக்கும் வாரத்தில் எரிமலைப் படம் வராது. அது வரும்போது வகுப்பு பாலைவனத்துக்குப் போயிருக்கும். வந்த அன்று பல்ப் போயிருக்கும். எல்லாம் சரியாக இருந்தாலும் ஜன்னலை மூடி இருட்டாக்கிய அறையில் நாற்பது பிள்ளைகள். இருட்டில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நின்றவர்களுக்குத்தான் அது என்னவென்று தெரியும். ரேடியோ இன்னும் மோசம். மணி பத்தடித்தால் அது பேச ஆரம்பித்துவிடும். ஒரு பிள்ளை கை தூக்கினால் அது நிறுத்தாது.

சோம்பேறித்தனம், பழமைப் பற்று என்று நாம் பெயர் வைக்கிற பலவும் உள்ளே இருந்து பார்த்தால் ஒரு கணக்குதான். ஆசிரியருக்கு ஒரு மணி நேரமும் குறையக் கிடைக்கிறது. அதற்குள் கூட்டத்தைக் கட்டுக்குள் வைக்க வேண்டும், போர்ஷனை முடிக்க வேண்டும், எவனுக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இந்த மூன்றில் எதற்கும் உதவாத ஒரு பொருள் எவ்வளவு அதிசயமானதாக இருந்தாலும் அவருக்கு அது இன்னொரு பிள்ளை. அதையும் அவர் மேய்க்க வேண்டும்.

1961-ல் ஃபோர்டு ஃபவுண்டேஷன் பணத்தில் இண்டியானா மாகாணத்தில் நடந்தது இந்தச் சரித்திரத்தின் உச்சக்கட்ட வேடிக்கை. டெலிவிஷன் பாடம் பல மாகாணங்களுக்கு எட்ட வேண்டும், அத்தனை கோபுரம் கட்ட முடியாது. ஆகவே ஒரு டிஸி-6 விமானத்தில் ஒலிபரப்பு யந்திரங்களை ஏற்றி, பர்டியூ பல்கலைக்கழகத்து விமான நிலையத்திலிருந்து கிளப்பி, மாண்ட்பீலியர் என்கிற சிற்றூருக்கு மேலே 23,000 அடி உயரத்தில் மணிக்கணக்கில் சுற்றவிட்டார்கள். வயிற்றிலிருந்து ஏரியல் கீழே தொங்கும். வீடியோ டேப்பில் பதிவான பாடங்கள் ஆறு மாகாணங்களின் பள்ளிகளில் விழும். மேகத்துக்கு மேலிருந்து அசரீரி. 1968-ல் விமானங்கள் நின்றுவிட்டன. அந்த விமானத்துக்குக் கீழே, ஒவ்வொரு வகுப்பிலும், ஒரு ஆசிரியை எழுந்து போய் ஒரு பொத்தானைத் திருக வேண்டியிருந்தது. அத்தனை கோடியும் கடைசியில் அந்த விரலை நம்பியிருந்தது.

ஸமோவாவின் கதை இதைவிடக் கனமானது. பசிபிக் சமுத்திரத்தில் அமெரிக்காவின் ஆளுகையிலுள்ள சின்னத் தீவுக்கூட்டம். 1960-ல் ஜனத்தொகை சுமார் 20,000. அமெரிக்கா இந்தத் தீவைக் கேவலமாக வைத்திருக்கிறது என்று 1961-ல் ரீடர்ஸ் டைஜஸ்ட் ஒரு கட்டுரை போட்டது. கென்னடி நியமித்த கவர்னர் ஹெச். ரெக்ஸ் லீ அவமானத்தைத் துடைக்கப் புறப்பட்டார். கிராமப் பள்ளிகளில் ஸமோவ ஆசிரியர்கள், பெரும்பாலோர் படிப்பு உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாது, ஆங்கிலம் தடுமாறும். அமெரிக்காவிலிருந்து நூற்றுக்கணக்கான ஆசிரியர்களைக் கொண்டுவரலாம். ஆனால் செலவு அதிகம், உள்ளூர்க்காரர்களின் வேலையும் போகும். லீ மூன்றாவது வழி கண்டார். சில கெட்டிக்கார அமெரிக்க ஆசிரியர்கள் ஸ்டூடியோவில் நின்று பாடம் நடத்துவார்கள். அலாவா மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரம். ஆறு சானல்கள், எல்லா வகுப்புகளுக்கும். ஸமோவ ஆசிரியர் தன் வகுப்பில் பெட்டியைப் போட்டுவிட்டு, படம் முடிந்ததும், அச்சடித்து அனுப்பிய பாடக்குறிப்பின்படி பயிற்சி தர வேண்டும். 1964 அக்டோபரில் ஆரம்பம். ஓலைக் கூரைகளுக்குப் பதிலாகப் புதிய பள்ளிக் கட்டடங்கள். 1966-ல் மணிலா மாநாட்டுக்குப் போகிற வழியில் ஜனாதிபதி ஜான்ஸன் இறங்கிப் பார்த்துப் பாராட்டினார்.

இது மணல் பலகை இல்லை. மணலும் ஃபிரிஸ்கெனும் சேர்ந்து ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டது போல. இங்கே உபாத்தியாயர் மறுக்கவும் வழியில்லை. அவருக்குச் சட்டாம்பிள்ளை வேலை தரப்பட்டது. எங்கோ ஸ்டூடியோவில் இருக்கும் வாத்தியாருக்குத் தன் கிராமத்தில் தான் சட்டாம்பிள்ளை.

ஆரம்பத்தில் அதை அவர்கள் வரவேற்றார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராதவருக்குப் பெட்டி ஒரு துணை. தினமும் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் கற்றார். அங்கேதான் முடிச்சு விழுந்தது. கற்றுக்கொண்டவருக்குத் தானே நடத்தலாம் என்று தோன்றியது. தன் வகுப்பு நேற்றைய பாடத்திலேயே நிற்கிறது, பெட்டியோ நாளைய பாடத்துக்குப் போய்விட்டது என்பது அவருக்குத் தெரிந்தது, பெட்டிக்குத் தெரியவில்லை. முதலில் உயர்நிலை வகுப்புகள் கழன்றுகொண்டன. 1970களின் ஆரம்பத்தில் டெலிவிஷன் கட்டாயம் என்பது போய், வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று. பத்தாண்டு முடிவதற்குள் அது ஓரமாகிவிட்டது. ஆனால் பெட்டி ஓயவில்லை. சாயங்காலங்களில் அமெரிக்கத் தொடர்கள் ஓடின. தீவு முழுக்க உட்கார்ந்து பார்த்தது. வெகுஜன ஊடகங்களால் நாடுகள் முன்னேறும் என்று 1964-ல் புத்தகம் எழுதிய வில்பர் ஷ்ராம், இருவரைச் சேர்த்துக்கொண்டு 1981-ல் ஸமோவா பரிசோதனையின் வரலாற்றையும் எழுதினார். தான் நம்பியதன் பிரேத பரிசோதனையைத் தானே செய்கிற நேர்மை நம்மிடையே அபூர்வம்.

இதைத் தோல்வி என்று சொல்வதா? அந்த ஆசிரியர்கள் பெட்டியை மூடும் அளவுக்குத் தேறினார்கள் என்றும் படிக்கலாம். ஆனால் திட்டம் போட்டவர்களின் கணக்கேட்டில் அப்படி ஒரு பத்தி கிடையாது.

நம் தேசத்துக்கு வருவோம். 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றைக் கடன் வாங்கி ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களில் டெலிவிஷன் காட்டினார்கள். ஸைட் என்று பெயர். தமிழ்நாடு அதில் இல்லை. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மொழிக்கும் இருபது சொச்சம் நிமிஷம். ஐந்து வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் ஒரே நிகழ்ச்சி. இதில் எனக்கு மதிப்புள்ள ஒரே காரியம், ஆயிரக்கணக்கான ஆரம்பப்பள்ளி ஆசிரியர்களுக்கே விஞ்ஞானப் பயிற்சி தந்ததுதான். பிள்ளையை விட்டுவிட்டு ஆசிரியரைப் பார்த்துப் பேசிய அரிய சந்தர்ப்பம். வருஷம் முடிந்ததும் அமெரிக்கா செயற்கைக்கோளை நகர்த்திக்கொண்டுவிட்டது. 1984-ல் கிளாஸ் திட்டம்: 250 பள்ளிகளில் இங்கிலாந்தின் பிபிஸி மைக்ரோ கம்ப்யூட்டர்கள். 1987-ல் கரும்பலகைத் திட்டம்: ஆரம்பப்பள்ளிக்கு இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், வரைபடம், விஞ்ஞானப் பெட்டி, கணக்குப் பெட்டி. எந்தத் திட்டமும் இல்லாமல் தானே பரவிய ஒரே சாதனத்தின் பெயரை இந்தத் திட்டத்துக்கு வைத்த அதிகாரிக்கு ஹாஸ்ய உணர்ச்சி இருந்ததா என்று தெரியவில்லை.

வெளிநாட்டுக் கோட்பாடுகள் நம் சிறுபத்திரிகைகளில் வந்து இறங்குகிற விதமும் இதிலிருந்து வெகுதூரமில்லை. பெட்டி வரும், பிரிக்கப்படும், உபயோகிக்காதவர்கள் பாமரர் என்று அறிவிக்கப்படும். கவிதையைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்கிறவனுக்கு அதில் என்ன பிடி கிடைக்கிறது என்று யாரும் கேட்க மாட்டார்கள். இதை இங்கே நிறுத்துகிறேன்.

நான் வங்கியில் குமாஸ்தா. 1983-ல் யந்திரமயமாக்கல் பற்றி வங்கிகளும் யூனியன்களும் ஒப்பந்தம் செய்துகொண்ட காலத்தை நேரில் கண்டவர்கள் சிலரோடு வேலை பார்க்கிற சந்தர்ப்பம் ஆரம்பத்தில் கிடைத்தது. 'நாங்களும்தான் எதிர்த்தோம், இப்போ மெஷின் இல்லாம ஒரு வவுச்சர் போட முடியுமா? வாத்தியாருங்களும் வழிக்கு வருவாங்க' என்பார் ஒருவர். இந்த ஒப்புமை சரியில்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. வங்கியில் நாங்கள் வழிக்கு வரவில்லை. லெட்ஜரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் வேலை பதிவோடு முடிகிற வேலை. பற்று விழுந்தது, வரவு விழுந்தது, தீர்ந்தது. பதிவு யந்திரத்தில் விழுந்தாலும் என் கையெழுத்தில் விழுந்தாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றே. வகுத்தல் கணக்கு ஒரு பிள்ளைக்குள் விழுந்ததா இல்லையா என்பதற்கு அப்படி ஒரு பதிவு கிடையாது. பதிவு கேட்கிற இடத்தில் ஆசிரியரும் யந்திரத்தை விடாமல் பயன்படுத்துகிறார். இன்று தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வருகைப் பதிவையும் வேறு எத்தனையோ விவரங்களையும் எமிஸ் தளத்தில் ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் புகார் சொல்லி வந்திருக்கின்றன. யந்திரம் தெரியாதவர்கள் என்று அவர்களை இனி யாரும் சொல்ல முடியாது.

என் சித்தப்பா ஒரு ஒன்றியப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசி நாள் சார்ஜ் ஒப்படைக்கும்போது உதவிக்கு நானும் போயிருந்தேன். பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். ஸ்டீல் பீரோவைத் திறந்தார். காந்தம், லென்ஸ், தராசு எல்லாம் வந்த அட்டைக்குள்ளேயே. ஏதோ ஒரு திட்டத்தில் வந்த டூ-இன்-ஒன் ரேடியோ, பாலிதீன் உறை கூடப் பிரியாமல். அடியில் பாட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது.

'ஏன் சித்தப்பா, பிள்ளைங்ககிட்டே குடுத்திருக்கலாமே?'

'குடுத்திருக்கலாம்டா. ஒரு லென்ஸ் உடைஞ்சா ஆடிட்ல எவன் எழுதுவான்? லென்ஸ் உடைஞ்சது, ஆனா இருபது பேரு எறும்பைப் பாத்தாங்கன்னு எழுத அதுல எடம் இருக்கா?'

கோபமாகத்தான் சொன்னார். யார் மேல் கோபம் என்று சொல்ல முடியவில்லை. தன் மேலும்தான் என்று எனக்குப் பட்டது. ஏனென்றால் அதே மனிதர் புளியங்கொட்டையை வைத்து வகுத்தல் சொல்லித்தருவார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடி மண்ணில் உட்கார்த்தி விரலால் எழுத வைப்பார். பதிவேட்டில் ஏறாத பொருள்கள் எல்லாம் அவர் கைக்கு வந்தன.

புதிதாக வந்த தலைமை ஆசிரியை இளம் வயது. பட்டியலைப் பொறுமையாகச் சரிபார்த்தார். ரேடியோவுக்கு எதிரே 'நல்ல நிலை' என்று முன்பே எழுதியிருந்ததைச் சித்தப்பா காட்டினார். அந்த அம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பீரோவைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, 'போர்டுக்குக் கறுப்புப் பூசி எத்தனை நாளாச்சு சார்?' என்று கேட்டார்.